அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிய நாற்பத்தாறு பீஸ்

இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் உட்காரப்போகும் மேஜையின் வலது ஓரத்தில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸும் இரண்டு கிலோ சுத்தியலும் இருக்கும். மேஜையில் இருக்கும் மற்ற எல்லாமே தலைமுடியின் கனத்தில் பாதியை அளக்கிற கருவிகள். அதற்கு நடுவில் இந்தக் கல் உடைக்கிற சாமான் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பட்டறைப் பக்கம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, இத யாரோ மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது. கொண்டுபோய்க் குடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே, "அது அங்கயே இருக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் எங்கள் ஊர் குன்னத்தூர் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்புக்காக என்னையே திட்டிக்கொண்டு போனேன். காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சுத்தியலை நான் ஒரு நாள் ஓங்காமல் விட்டதால் ஒரு மனிதருக்கு வலது கண் போயிற்று.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். துணியை விளக்கு வெளிச்சத்தில் விரிப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். ஒட்டியதோடு என் வேலை முடிந்தது. கறையை எடுக்க ஒருத்தி இருப்பாள், தையலைச் சரிசெய்ய இன்னொருத்தி. எதற்கும் சரிப்படாத பீஸ் செகண்ட்ஸ் மூட்டைக்குப் போகும். அதை வாங்கிப் போக வாசலில் எப்போதும் ஆள் நிற்பார். நம் ஊரில் எதுவும் வீணாவதில்லை. கட்டிங் துண்டு தலையணைக்குள் போகும், கழிவுப் பஞ்சு மறுபடி நூலாகும், கிழிந்த பனியன் மெஷின் துடைக்கப் போகும். இதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வமே உண்டு. தோளில் சின்ன ஓட்டை இருக்கிற பனியனைப் பாதி விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு யாரும் கெட்டுப்போனதில்லை.

அந்த பனியன் கம்பெனிகளில் ஒன்றின் முதலாளிக்குத் தம்பி, நம் சின்ன முதலாளி. இன்ஜினியரிங் படித்தவர். கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் லேத் போட்டு, நிட்டிங் மெஷின் உதிரி பாகங்கள் செய்துகொண்டிருந்தார். பிறகு எங்கோ ஒரு கண்காட்சியில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்களின் சாமான்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். குறிபார்க்கும் வளையம், கை தாங்கும் தட்டு, தோளில் பதியும் கட்டையை ஏற்றி இறக்கும் திருகு, இப்படிச் சின்னச் சின்ன பாகங்கள். எல்லாம் ஒலிம்பிக்கில் சுடுகிற மாதிரி காற்றுத் துப்பாக்கிக்கு. தெருவில் இருப்பவர்களுக்கு அது புரியாது. "ஏனுங்க, காட்டுப்பன்னி வந்து கடலக்காட்டையே உழுதுட்டுப் போகுது. உங்க கம்பெனில ஒண்ணு சொல்லி வாங்கித் தர முடியுமுங்களா?" என்று என்னிடமே நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுவிட்டது. வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தபோது சின்ன முதலாளி, "உக்காந்துட்டே பாக்கற செக்கிங் இருக்குதுங்க்கா. உங்க கண்ணு எனக்கு வேணுமுங்க" என்று கூப்பிட்டார். அப்படித்தான் துணியிலிருந்து இரும்புக்கு வந்தேன். மைக்ரோமீட்டர் பிடிக்க ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். செக்கிங் மேஜையின் புத்தி மட்டும் என்னோடு கூடவே வந்தது. ஸ்டிக்கர் கட்டையும் கொண்டுவந்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஃபோர்மேன் தெற்கத்திக்காரர், கோவில்பட்டிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். முதல் வாரம் நான் ஒதுக்கிய பீஸ் மீது அம்புக்குறி இருப்பதைப் பார்த்து, "இது என்னம்மா, மாட்டுக்குப் பொட்டு வச்ச மாதிரி?" என்று கேட்டார். பிறகு பீஸை வைஸில் மாட்டி, சுத்தியலால் ஒரே போடு. "ரிஜெக்டுன்னா உருத்தெரியாம ஒடைக்கணும்மா. முழுசா இருக்க பீஸு என்னைக்கா இருந்தாலும் வித்துப் போவும்" என்றார். அன்றிலிருந்து அந்தந்த நாள் ரிஜெக்டை அந்தந்த நாளே உடைப்பது என் வேலை. உடைத்தேன், ஆனால் மனசே இல்லாமல் உடைத்தேன். பழைய இரும்பு விலைக்குப் போகப்போகிறதே, பீஸ் கடைகிற ஸ்டீல் கம்பி எவ்வளவு விலை விற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொள்ளும்.

இனி அடாப்டர் கதை. காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அதில் காற்றை அடைக்கும்போது பெரிய டேங்குக்கும் சின்ன சிலிண்டருக்கும் நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்புத் துண்டு திருகப்படும். அதுதான் அடாப்டர். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு அழுத்தம் அதன் வழியாகப் போகும். அந்த அழுத்தத்தைப் பிடித்து நிற்பது உள்ளே திருகுவதற்காக வரிவரியாக வெட்டியிருக்கும் மரை மட்டும்தான். மரையைப் பார்க்க நமக்கு ஒரு கேஜ் இருக்கிறது. அதன் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் மரை லொடலொட. அவ்வளவுதான் பரீட்சை.

அந்த வருஷம் வெளிநாட்டுப் பார்ட்டி ஒன்றுக்கு நூற்றிருபது அடாப்டர் போக வேண்டியிருந்தது. ஸ்டீல் விலை ஏறிக்கொண்டே போன நேரம். இந்தப் பாகத்தில் செலவில் பாதி கம்பிதான். கூலியிலும் கரண்ட்டிலும் கை வைக்க முடியாததால் சின்ன முதலாளியின் கை கம்பியின் மேல் போயிற்று. ஒரு பெரிய பட்டறையில் வெட்டி மிஞ்சிய பிட் துண்டுகளை மலிவாக வாங்கி வந்து இறக்கினார். நல்ல கம்பி என்றால் அதன் ஒரு முனையில் கலர் பெயிண்ட் இருக்கும். அதை வைத்துத்தான் இது இன்ன ஸ்டீல் என்று சொல்வோம். பெயிண்ட் இருக்கும் முனையைக் கடைசிவரை வெட்ட மாட்டோம். இந்தத் துண்டுகளில் ஒன்றில்கூட பெயிண்ட் இல்லை. நான் கேட்டதற்கு, "அதே ஸ்டீல்தானுங்க்கா. பெரிய கம்பெனி மிச்சம், மோசமாவா இருக்கும்?" என்றார். ஃபோர்மேன் இருந்திருந்தால் அரத்தைப் போட்டு இழுத்து, கெட்டி ஸ்டீல்தானா என்று பார்த்திருப்பார். அவர் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தார்.

மெஷின் ஓட்டிய பீகார்ப் பையனுக்கு முதலில் தெரிந்துவிட்டது. இரும்புச் சுருள் பளபளவென்று வராமல் பிய்ந்து பிய்ந்து விழுந்தது. அவன் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து, "தீதி, மெட்டீரியல் டீக் நஹீ ஹை" என்றான், மெட்டீரியல் சரியில்லையாம். அவனுடைய இந்தி எனக்கு அரைகுறைதான் என்றாலும் அவன் முகம் நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு பீஸாகக் கேஜ் போட்டேன். பிட்டில் பாதிக்குமேல் நல்ல ஸ்டீல், மீதி என்னவோ ஒரு மெத்து இரும்பு. நூற்றிருபதில் நாற்பத்தாறு பீஸில் போகக் கூடாத முனை வெண்ணெயில் போவது போலப் போயிற்று.

உடைப்பதற்காக வைஸைத் துடைத்து, சுத்தியலையும் எடுத்து வைத்துவிட்டேன். அப்போது சின்ன முதலாளி வந்தார். நாற்பத்தாறையும் பார்த்து அவர் முகம் தொங்கிப் போயிற்று. "ஒடைச்சுராதீங்க்கா. ஃபோர்மேன் வரட்டும். உள்ள ஒரு புஷ் வளையம் போட்டு ரீவொர்க் பண்ண முடியுமான்னு பாத்துக்கலாம்" என்றார். ஃபோர்மேனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல பளபளப்பான சாமானை உடைக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு அம்புக்குறி ஸ்டிக்கரைக் கிழித்து, நாற்பத்தாறு பீஸிலும் ஒழுங்காக ஒட்டினேன். பாலிதீன் பையில் போட்டு, ரிஜெக்ட் என்று சீட்டும் எழுதி, மேஜைக்கடியில் வைத்தேன். என் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து மேஜைக்கடியில் கூட்டும்போது பை இல்லை. சின்ன முதலாளியிடம் கேட்டேன். "அதுங்களா, பொங்கலூர்ல ஒரு கோச் பசங்களுக்குச் சுடச் சொல்லிக் குடுக்கறாருங்க்கா. கம்மி விலைல அடாப்டர் இருக்குமான்னு கேட்டாரு. செகண்ட்ஸுன்னு சொல்லித்தான் குடுத்தேன். பழகறதுக்குத்தானுங்களே, போட்டிக்கா போகுது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஊர்ப் புத்தி. குறை உள்ள சாமானைக் குறை என்று சொல்லி மலிவாக விற்றால் அது நியாயமான வியாபாரம் என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கேஜ் எப்படிப் போயிற்று என்று என் கைக்குத் தெரியும். ஒரு வார்த்தை, "அத வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஃபோர்மேன் திரும்பி வந்தபோது அவரிடமும் நான் மூச்சு விடவில்லை.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் சின்ன முதலாளி என் மேஜைக்கு வந்து, "அக்கா, அந்தப் பை…" என்று ஆரம்பித்தார். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு முன்னால் கோச் சிலிண்டர் நிரப்பியிருக்கிறார். காற்றுக் கசிகிற சத்தம் கேட்டு, எங்கே என்று பார்க்கக் குனிந்திருக்கிறார். மரை பிய்ந்து சிலிண்டர் எகிறி முகத்தில் அடித்துவிட்டது. கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சிலிண்டர் நிரப்ப வேண்டிய முறை ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுடையது, நேரமாகிவிட்டது என்று இவரே நிரப்பினார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று மதியம் ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் வைஸையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க ஒடைக்காம வச்சதுகூடப் போட்டும்மா. பை காணலன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? மிச்சம் நாப்பத்தஞ்சு எங்க கெடக்கு, யாரு மூஞ்சிக்கு நேரா கெடக்கு?" என்றார்.

அந்தக் கேள்விதான் எங்களைப் போட்டு அரித்தது. சின்ன முதலாளி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் வக்கீல் ஒருவர், யாரும் போய்ப் பார்க்க வேண்டாம், எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். "வாயத் தொறந்தோம்னா ஷெட்டையே மூட வேண்டியதுதானுங்க்கா. பன்னெண்டு குடும்பமுங்க" என்றார் சின்ன முதலாளி. அந்தப் பன்னிரண்டில் என் குடும்பமும் ஒன்று. நாற்பத்தைந்து அடாப்டர் எங்கெங்கோ திருகப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தும் நான் இரண்டு நாள் வேலைக்கு வந்தேன், டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன். உங்களுக்கு இதை மறைத்து எழுதலாம். மறைத்தால் எழுதுவதில் அர்த்தமில்லை.

மூன்றாம் நாள் ஃபோர்மேனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோச் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பது வயதுக்காரர். தோட்டத்தில் தேங்காய் போட்டு வைத்திருந்த ஷெட்டைக் காலி செய்து, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கிக்கொண்டிருந்தவர். பிள்ளைகளில் பாதிப்பேரின் பெற்றோர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதனால்தான் எதையும் மலிவாகத் தேடியிருக்கிறார். தலையில் பாதி கட்டுப் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார். அவர் மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "செகண்ட்ஸுன்னா மேல ஏதோ கீறல், பாலிஷ் கொறைன்னுதான் நெனச்சனுங்க. மெஷின்ல நூத்துக்கணக்குல செய்யறது. எப்பேர்ப்பட்ட செக்கிங்லயும் ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பிப் போகுமுங்க. உங்களக் குத்தஞ் சொல்ல மாட்டனுங்க. என்ற கெட்ட நேரமுங்க" என்றார் கோச். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்த அடாப்டர். ஸ்டிக்கரை யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார்கள். ஆனாலும் பசை போகவில்லை. பசையில் தூசி படிந்து, அம்புக்குறி அப்படியே கருப்பாகத் தெரிந்தது.

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். ஆமாங்க, தப்பிப் போச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த மனிதரே வழியைக் காட்டிவிட்டார்.

"தப்பிப் போகலீங்க" என்றேன். "நான் பாத்தனுங்க. இது ஆகாதுன்னு ஒதுக்கி வச்சதே நான்தானுங்க. அந்த அடையாளம் நான் ஒட்டுனது."

அவர் இடது கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு அடாப்டரைப் பார்த்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அப்ப மத்ததும் இதே மாதிரிதானுங்களா?" என்று கேட்டார்.

"நாப்பத்தாறும் அதேதானுங்க."

நான் எதிர்பார்த்தது வசவு. அவர் போனைத் தேடினார். வாங்கியதில் பத்தைத் தான் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பழக்கமான கோச்களுக்கு அவரே பகிர்ந்து கொடுத்திருக்கிறார், வாங்கிய விலைக்கே. திரையில் எழுத்து அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "கணியூர்னு இருக்குதுங்களா பாருங்க, அதப் போடுங்க" என்று என்னிடமே போனைக் கொடுத்தார். நான் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக் கொடுக்க, அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னார். "நான் குடுத்த அடாப்டரத் தொடாதீங்க. இப்பவே கழட்டி எடுத்து வைங்க, கம்பெனில இருந்து ஆள் வருவாங்க." கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

ஃபோர்மேனும் நானும் இரண்டு வாரம் பஸ்ஸில் அலைந்தோம். முப்பத்தொன்று கிடைத்தது. கைக்குட்டையில் இருந்ததோடு அவரிடம் இருந்த பத்தையும் சேர்த்து நாற்பத்தொன்று. சின்ன முதலாளி முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவரே வெளிநாட்டுப் பார்ட்டிக்கு எழுதி, நல்லதென்று அனுப்பிய எழுபத்துநான்கையும் திருப்பி வரவழைத்தார். ஷெட் மூடவில்லை, ஆனால் இரண்டு வருஷம் தள்ளாடியது. நாற்பத்தொன்றையும் நானே வைஸில் மாட்டி உடைத்தேன். கை வீங்கிவிட்டது. ஃபோர்மேன் உதவிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மீதி ஐந்து கிடைக்கவே இல்லை. ஒரு கோச் ஊரை விட்டுப் போய்விட்டார், இன்னொருவர் யாருக்கோ கொடுத்ததாகச் சொன்னார், யாருக்கு என்று நினைவில்லை. அந்த ஐந்தும் இன்றைக்கும் எங்கோ இருக்கின்றன. பேப்பரில் எங்காவது சிலிண்டர் வெடித்தது என்று சின்னச் செய்தி வந்தால், காஸ் சிலிண்டர் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்த ஐந்தைப் பற்றிச் சொல்வதற்காக இன்னொரு தடவை கோச்சைப் பார்க்கப் பொங்கலூருக்கு, அவர் வீட்டுக்கே போனேன், இந்த முறை தனியாக. ஷெட்டில் பிள்ளைகள் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே, "அவசரப்படாத சாமி, மூச்ச விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலது கண்தான் அவர் குறி பார்க்கிற கண். ஐந்து கிடைக்கவில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். டீ வரவழைத்தார். குடித்து முடித்து நான் எழுந்தபோது கேட் வரை கூடவே வந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும், அந்தக் கொறை யாருக்குமே தெரியாம வந்துருச்சுன்னு நெனச்சு மனசத் தேத்திட்டிருந்தனுங்க. இப்ப அப்படி நெனைக்க முடியலீங்க."

கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

கம்பி விலை இன்னும் ஏறும். உங்கள் முதலாளியும் நல்ல மனிதராகவே இருப்பார், ஒடைக்காதீங்க என்றுதான் சொல்வார். பீஸ் பளபளவென்று இருக்கும், கை வராது. கேட்டில் நின்ற கோச்சுக்கு நான் சொல்ல முடியாமல் போன பதில் அந்த மேஜையின் வலது ஓரத்தில்தான் இருக்கிறது, எடுத்து அடியுங்கள்.